ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

நோர்வேக்கு நான் போனது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க. போன காரியத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கதை எழுதுகிறானே என்று வாசிக்கிறவர்கள் நினைக்கக்கூடும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திச் சைக்கிள் சாமான் கடையில் இருந்தவன். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும். இதில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போர் நின்று, சமாதானம் என்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் அது. என் தங்கை சரசு ஒஸ்லோவுக்குப் போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மருட் என்ற இடத்தில், ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் தட்டில் வீடு. கணவர் நேசன் பஸ் ஓட்டுகிறார். சரசுவுக்கு அலுவலகங்களில் துப்புரவு வேலை. ஒரே பிள்ளை அபிராமி, பன்னிரண்டு வயது. என் மருமகளை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். விமான நிலையத்தில் என் முன்னால் வந்து நின்று, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமா, நீங்கள் வீடியோவில குண்டா இருந்தனீங்கள்" என்றாள். அதுதான் நோர்வேயில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு விரதம். அபி பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். நான்கு துண்டுப் பாண், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு கடதாசி, மேலே ஏதோ பழுப்பு நிறத்தில் சீவல். சலவைச் சவர்க்காரத்தைச் சீவி வைத்ததுபோல் இருந்தது. "பாற்கட்டி மாமா, மரக்கறிதான், சாப்பிடுங்கோ" என்று ஒரு சீவலை நீட்டினாள். வாயில் வைத்தேன். உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சரசு குசினியில் நின்று சிரித்தாள். "அண்ணை, எனக்கும் ரெண்டு வருஷம் எடுத்தது. இப்ப அது இல்லாமல் விடியாது."

அங்கே இரவுச் சாப்பாட்டைப் பின்னேரம் நான்கு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் அது தேத்தண்ணி நேரம். சரசு எனக்காக இரண்டு நேரமும் அடுப்பு மூட்டினாள். புட்டுக்கு மா அங்கே தமிழ்க்கடையிலேயே வாங்கலாம். தேங்காய்ப்பூ குளிர்ப்பெட்டியில் கல்லாக இருக்கும். அதைச் சுடுநீரில் போட்டு உதிர்த்துவிட்டு, "நோர்வேத் தென்னை" என்பாள்.

சனிக்கிழமை அபி என்னை நகரம் காட்டக் கூட்டிப்போனாள். அங்கே நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலைத் தேபானை என்கிறார்கள். அம்மருட்டில் அது வெளியே மரங்களுக்கு நடுவே ஓடும். நகரத்தை நெருங்கும்போதுதான் நிலத்துக்குள் புகும். இறங்கி வெளியே வரும் படிக்கட்டில் கடைசிப் படி எனக்குத் தெரியவில்லை. அப்படியே முன்னால் விழுந்தேன். கண்ணாடி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். குழந்தை வண்டியோடு வந்த ஒரு பெண் கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் தந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன பிள்ளை சொல்லுறா?"

"பனி விழ முதலே நீங்கள் விழுந்திட்டீங்களாம். இனிப் பயமில்லையாம்." பிறகு தன் பங்குக்கும் சேர்த்தாள். "என்ன மாமா, ஒஸ்லோவுக்கு விழுந்து கும்பிட்டனீங்களோ?"

நேசன் தந்த பெரிய சப்பாத்தின் குற்றம் என்றேன். சப்பாத்தில் ஒரு குற்றமும் இல்லை. என் கண்ணுக்குக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் மங்கல். அது ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் போனபிறகு, ஊரில் என் மனைவியைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை திராமனுக்குப் போனோம். மாப்பிள்ளை வீடு அங்கே. ஆற்றங்கரைப் பட்டினம், ரயிலில் முக்கால் மணித்தியாலத்துக்கும் குறைவு. மாப்பிள்ளை சுதன் மின்சார வேலை செய்கிறவர். அதிகம் கதைக்கவில்லை. ஆனால் நான் கைகழுவ எழும்பியபோது துவாயோடு வந்து நின்றார். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் மனோகரி ஒஸ்லோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாதிமாருக்கு உதவியாளராக வேலை செய்து அவரை ஆளாக்கியவர். என் மகள் வாசுகியின் படத்தை வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டே வைத்திருந்தார்.

"அண்ணை, சாதகம் பொருந்தியிருக்கு. பிள்ளையளும் போனில கதைக்கினம். எனக்கு ஒண்டே ஒண்டுதான். ஒளிவுமறைவு இல்லாத சம்பந்தமா இருக்கோணும்" என்றார் மனோகரி.

"எங்களிட்ட என்ன தங்கச்சி ஒளிக்கக் கிடக்கு" என்றேன். அடுத்த கிழமை வந்து நாள் வைப்பதாகப் பேச்சு.

திங்கட்கிழமைதான் எல்லாம் தொடங்கியது. அபிக்குச் சில மாதமாகத் தலையிடி. கண்ணாடி போட்டால் சரிவரும் என்று சரசு அவளைக் கண்ணாடிக்கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே கண்ணுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தவர் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டாம் தரமும் பார்த்தார். உள்ளே போய்ப் போன் எடுத்தார். நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கடிதம் கொடுத்துவிட்டார். சரசு வீட்டுக்கு வந்து மேற்சட்டையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பு வீங்கியிருக்காம் அண்ணை. தலைக்குள்ள ஏதோ அமத்தினால்தான் அப்பிடி வீங்குமாம்."

நான் முன்பே கேட்ட வசனம் அது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு கண் வைத்தியர் எனக்கும் இதையேதான் சொன்னார். கொழும்புக்கு அனுப்பினார். அங்கே படம் எடுத்தார்கள், முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கடைசியில் ஒரு பெரிய வைத்தியர் வந்து நெடுநேரம் என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இது வீக்கமே இல்லை, பிறவியிலேயே நரம்பின் தலைப்பில் சுண்ணாம்பு மணிபோல் படிந்திருக்கிறது, அதனால் வீங்கியதுபோல் தெரிகிறது என்றார். கொஞ்சம் மங்கல் வரலாம், வேறு ஒன்றும் இல்லை. இது குடும்பத்தில் வருகிற சங்கதி, சகோதரங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வை, இதைக் கண்டு வேறு ஒரு வைத்தியர் பயப்பட்டால் அவருக்கும் சொல் என்றார்.

அப்பாவுக்கும் மனைவிக்கும் தவிர நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கண் வருத்தம் உள்ள குடும்பம் என்று பெயர் வந்தால் சரசுவை ஆர் கட்டுவான் என்று அப்பா கேட்டார். நான் கொழும்புக்குக் கடைச் சாமான் வாங்கப் போனதாக ஊருக்குச் சொன்னார். சரசுவுக்கும் அதையே சொன்னார். எங்களுக்குள் இது புதிதல்ல. வலிப்பு, ஈளை, கண் என்று எத்தனையோ வீட்டில் எத்தனையோ கதை பெட்டிக்குள் கிடக்கிறது. கலியாணம் முடிந்தபிறகு தெரியவந்தால் தெரியட்டும் என்று இருப்போம்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மனோகரி எங்களுக்கு முன்னமே வந்து வாசலில் நின்றார். அவர் வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரி. சரசு போனில் சொன்னதைக் கேட்டு, லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். "என்ர மருமகளாகப் போறவவின்ர மச்சாள் எல்லோ" என்று அபியை அணைத்துக்கொண்டார். இளம் வைத்தியர் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவா என்று கேட்க, வேண்டாம் நான் இருக்கிறேன் என்றார் மனோகரி.

வைத்தியர் அபியின் இரண்டு கண்ணையும் பார்த்தார். எழுதினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். சரசுவுக்கு நோர்வே மொழி நன்றாகத் தெரியும். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். மனோகரிதான் எனக்குச் சொன்னார்.

"அண்ணை, உங்கட குடும்பத்தில ஆருக்கும் கண் நரம்பில வருத்தம் இருந்ததோ எண்டு கேக்கிறார். வடிவா யோசிச்சுச் சொல்லட்டாம். சில குடும்பத்தில நரம்புக்குள்ள சுண்ணாம்பு மாதிரிப் படிஞ்சு, வீக்கம் மாதிரியே தெரியுமாம். அப்பிடி ஆரும் இருந்தால் பிள்ளைக்கு முள்ளந்தண்டில ஊசி போட அவசரப்படமாட்டினமாம். கண்ணுக்கு ஸ்கான் எடுக்கிற டாக்டர் லீவில நிக்கிறாவாம், அவ வரும்வரைக்கும் பொறுப்பினமாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரசு தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். மூத்தவன் நான். மனோகரியின் கை அபியின் தோளில் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, "எங்கட பக்கத்தில அப்பிடி ஒண்டும் இல்லைத் தங்கச்சி" என்றேன்.

வைத்தியர் அதையும் எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு சொல்லை ஒரு வைத்தியர் இவ்வளவு நம்பி எழுதியது அன்றைக்குத்தான்.

அபிக்கு இருப்பது என்னுடையதுதான் என்று நான் என்ன கண்டேன், ஒருவேளை அவளுக்கு வேறு ஏதாவது இருந்து, நான் சொல்லி ஊசியை நிறுத்தினால் அதுவல்லவா பாவம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை தலையை ஸ்கான் எடுத்தார்கள். தலைக்குள் கட்டி ஒன்றும் இல்லை என்று வந்தது. சரசு கைகூப்பி அழுதாள். ஆனால் தலைக்குள் நீரின் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க ஊசி கட்டாயம் என்றார்கள். வியாழக்கிழமை காலை.

புதன் பின்னேரம் கோயிலுக்குப் போனோம். வாடகைக் கட்டடம் ஒன்றுக்குள் முருகன். வாசலில் செருப்புக்குப் பதிலாகச் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. ஐயர் அபியின் பெயருக்கு அர்ச்சனை செய்தார். சரசு பக்கத்தில் கண்ணை மூடி நின்றாள். நானும் நின்றேன். "முருகா, பிள்ளைக்கு ஒன்றும் இருக்கக்கூடாது, இல்லையென்று வந்தால் நல்லூருக்கு வந்து காவடி எடுக்கிறேன்" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும். தெரிந்த விடையைத் தெய்வத்திடம் கேள்வியாகக் கேட்டேன். அன்றைக்கு அந்தச் சந்நிதியில் என்னைவிட நடித்தவன் ஒருவன் இல்லை. பிரசாதத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். என் பங்கையும் சரசுவின் கையில் கொடுத்தேன்.

வியாழக்கிழமை ஊசி அறைக்குள் சரசுவும் மனோகரியும் போனார்கள். நான் வெளியே ஒரு நீளமான நடைபாதையில் இருந்தேன். பிள்ளையைப் பக்கமாகக் கிடத்தி, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் பிடிப்பார்கள். எனக்கு அது தெரியும். முதலில் குளிர்ந்த மருந்து தடவுவார்கள், பிறகு எலும்புக்கு நடுவே ஒரு அழுத்தம், பிறகு காலுக்குள் மின்சாரம் ஓடுவதுபோல். கதவு பூட்டியிருந்தது. வாய்க்குள் தேவாரம் சொன்னேன். இரண்டாம் அடியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், மூன்றாம் அடி வரவில்லை. உள்ளே அபி முதலில் நோர்வே மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு "அம்மா" என்றாள். அதற்குப் பிறகு சொல் இல்லை.

மனோகரி வெளியே வந்தபோது அவருடைய சட்டைக் கை கசங்கியிருந்தது. "மூண்டாந்தரம்தான் அண்ணை ஊசி சரியா இறங்கினது. என்ர கையைப் பிடிச்ச பிடி விடேல்ல. பாவம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "முருகன் பாத்துக்கொள்ளுவான்" என்றேன்.

அன்றிலிருந்து நான்கு நாள் அபியால் தலை தூக்க முடியவில்லை. நிமிர்ந்தால் தலையிடி, படுத்தால் இல்லை. சிலருக்கு அந்த ஊசிக்குப் பிறகு அப்படி வரும் என்றார்கள். தட்டையாகப் படுத்துக்கொண்டு உறிஞ்சுகுழாயால் பழரசம் குடித்தாள். நேசன் வேலை முடிந்து வந்து, பஸ் ஓட்டுகிற உடுப்போடேயே அவளுடைய கட்டில் காலடியில் நிலத்தில் இருப்பார். அவர் என்னோடு அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒருநாள் என்னைப் பார்த்து, "மச்சான், நீங்கள் இந்த நேரம் பாத்து வந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமே" என்றார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மழையில் குடையே இல்லாமல், மழைச்சட்டையோடு சேற்றில் குதித்துக்கொண்டு போனார்கள்.

அபி படுத்தபடியே என்னிடம் கேட்டாள். "மாமா, ஊரில ஊசி போட்டால் என்ன தருவினம்? இஞ்சை ஸ்டிக்கர் தருவினம். நான் பெரிய ஆள் எண்டு எனக்குத் தரேல்ல."

ஊசி சொன்ன முடிவு, அழுத்தம் சரியாக இருக்கிறது என்பது. அப்படியானால் நரம்பு ஏன் வீங்கியிருக்கிறது என்று வைத்தியர்களுக்கே குழப்பம். திங்கட்கிழமை லீவு முடிந்து வந்த அந்தப் பெண் வைத்தியரிடம் அனுப்பினார்கள். அன்று மனோகரிக்கு வேலை. நேசனும் பஸ்ஸில். சரசு, அபி, நான் மூன்று பேரும் போனோம்.

வைத்தியருக்கு அறுபது வயதிருக்கும். குட்டையான வெள்ளைத் தலைமயிர், காலில் மரச்செருப்பு. அறை இருட்டு. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பிள்ளையைப் பார்ப்பார்களே, அதே ஸ்கான்தான், கண்ணுக்கென்று சிறியதாகச் செய்தது. தடித்த பேனை போன்ற ஒரு கருவி. அபியைச் சாய்ந்த கதிரையில் இருத்தி, மூடிய இமையின்மேல் குளிர்ந்த பசையைத் தடவி, அந்தப் பேனையை மெல்ல வைத்தார். நோகவே நோகாது என்று அபிக்குச் சொன்னார். சத்தத்தை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு படம் வருகிறதாம். எங்கள் காதுக்குக் கேட்காத சத்தம்.

திரையில் கண் ஒரு கறுத்தக் கிணறுபோல் வந்தது. கிணற்றின் அடியில் வெள்ளைச் சுவர். சுவருக்குப் பின்னால் ஒரு கறுத்த வால். அதுதான் நரம்பு. வாலும் சுவரும் சேர்கிற இடத்தில், உப்புக்கல்லைப்போல ஒரு வெள்ளைப் பொட்டு. வைத்தியர் ஒரு குமிழைத் திருகினார். திரையின் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. சுவர் மங்கியது, வால் மறைந்தது, எல்லாம் இருட்டானது. பொட்டு மட்டும் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. மற்றக் கண்ணிலும் அதுவே.

வைத்தியர் விளக்கைப் போட்டுவிட்டுச் சரசுவுக்கு ஆறுதலாகச் சொன்னார். சரசு ஒவ்வொரு வசனமாக எனக்குச் சொன்னாள். சுண்ணாம்பு மணி. பிறவியில் வருவது. வீக்கமே இல்லை. சிறுபிள்ளைகளுக்கு உள்ளே புதைந்து கிடக்கும், வெளிச்சம் பிடித்தால் தெரியாது, இந்த ஸ்கானுக்குத்தான் தெரியும். வருடத்துக்கு ஒருதரம் பார்வையை அளந்தால் போதும். தலையிடிக்குச் சாதாரண கண்ணாடி. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அதே வசனங்களை என் தங்கையின் வாயால், புதிதாகக் கேட்கிறவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

வைத்தியர் சரசுவின் கண்ணையும் பார்த்தார். ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு இருந்தது. சரசுவுக்குப் பன்னிரண்டு மணிக்கு வேலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அபியின் தலையில் கொஞ்சி, "அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் தேபானையில வீட்டை போங்கோ" என்று சிரித்தபடி ஓடினாள். ஒரு கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

நாங்கள் எழும்பும்போது வைத்தியர் என்னைக் காட்டி அபியிடம் ஏதோ கேட்டார். "உங்கட கண்ணையும் பாப்பமோ எண்டு கேக்கிறா மாமா. நோகாது."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கதிரையில் இருந்தேன். பசை இமையில் குளிர்ந்தது. மூடாத மற்றக் கண்ணால் திரையைப் பார்த்தேன். குமிழைத் திருகத் தேவையே இருக்கவில்லை. அபியின் பொட்டு உப்புக்கல் என்றால் என்னுடையது பயறு. வைத்தியர் அதைப் பார்த்து வியந்து "ஓ" என்றார். பிறகு அபியிடம் ஒரு கேள்வி.

"மாமா, இவ்வளவு பெரிசா இருக்கே, முந்தி ஒரு டாக்டரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ எண்டு கேக்கிறா."

அந்த இருட்டில், அந்தப் பொட்டு திரையில் நிற்கும்போது, இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சொன்னவை பிள்ளை. கொழும்பில சொன்னவை. எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கேக்கேக்கையும் தெரியும். உன்ர மச்சாளின்ர கலியாணம் குழம்பிப்போகுமெண்டு மனோகரி அன்ரிக்கு முன்னால சொல்லேல்ல. இதை டாக்டரிட்டச் சொல்லு."

அபி என்னைப் பார்த்தாள். பிறகு வைத்தியரைப் பார்த்து நாலைந்து சொல் சொன்னாள். வைத்தியர் தலையாட்டி, என் தோளில் தட்டி, இமையிலிருந்த பசையைத் துடைக்கக் கடதாசி தந்தார். இந்த நாட்டுச் சனம் எவ்வளவு பெரிய குற்றத்தையும் எவ்வளவு இலேசாக மன்னித்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தேபானையில் இடம் கிடைத்தது. முன்னால் இரண்டு கிழவர்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். என்ன என்று கேட்டேன். "ஒராள் சொல்லுறார், இந்த வருஷம் காட்டில காளான் இல்லையாம். மற்றவர் சொல்லுறார், இருக்காம், ஆனால் இடம் சொல்லமாட்டாராம்" என்றாள் அபி. பிறகு என் பக்கம் சாய்ந்து, அந்த ரயிலில் வேறு எவருக்கும் தமிழ் தெரியாது என்றாலும், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மாமா, நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. நான் டாக்டரிட்ட, மாமாவுக்கு இது தெரியவே தெரியாதாம் எண்டுதான் சொன்னனான்."

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"மச்சாளின்ர கலியாணம் குழம்பிப்போகுமெல்லோ. அம்மாவுக்கும் சொல்லமாட்டன்."

"பொய் சொல்லலாமோ அம்மா?"

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்கிறவள்போலத்தான் கேட்டாள். "குடும்பத்துக்காக எண்டா சொல்லலாம்தானே மாமா?"

அந்த ஊசி அவளுடைய முதுகில் இறங்கியபோது எனக்கு வந்த வெட்கம் ஒரு பங்கு என்றால், இது நூறு பங்கு. அடுத்த தரிப்பில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மற்றப் பக்க மேடைக்குப் போகும் வழி எனக்குத் தெரியவில்லை. "திரும்பிப் போகவேணும், வழி காட்டு" என்றேன். ஏன் என்று கேட்காமல் கூட்டிப்போனாள்.

வைத்தியர் அறைக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றோம். ஒரு நோயாளி வெளியே போனதும் கதவடியில் போய் நின்றேன். நாங்கள் எதையோ மறந்து வைத்துவிட்டோம் என்று நினைத்து, வைத்தியர் எங்கள் கதிரையைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் முதல் சொன்னதை, ஒண்டும் மாத்தாமல், ஒண்டும் குறைக்காமல் சொல்லு. நீ எனக்காக மாத்திச் சொன்னதையும் சொல்லு."

இந்தமுறை அபி நெடுநேரம் சொன்னாள். நடுவில் ஒருதரம் குரல் தளம்பியது. வைத்தியருடைய முகம் மாறியது. என் தோளில் தட்டவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. ஒரு முக்காலியை இழுத்து அபிக்கு முன்னால் போட்டு இருந்து, அவளுடைய முகத்துக்கு நேரே சில வசனங்கள் சொன்னார். பிறகு எழும்பிக் கைகொடுத்து எங்களை அனுப்பினார். எனக்குக் கொடுத்த கை சட்டென்று விலகியது.

நடைபாதையில் கேட்டேன். "என்ன பிள்ளை சொன்னவ? ஏசினவவோ?"

"இல்லை. நான் வரும்வரைக்கும் அவையள் பொறுத்திருக்கலாம், வீணா உனக்கு நோகப்பண்ணிப்போட்டம் எண்டு என்னட்ட மன்னிப்புக் கேட்டவ. சின்னப்பிள்ளையை மொழிபெயர்க்க விட்டதும் பிழையாம். அதுக்கும் கேட்டவ."

லீவில் எங்கோ நின்றவர். ஊசி போட்டதும் அவர் அல்ல. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற நான் கேட்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் மாமன் மருமகளிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. எனக்கு அந்தச் சொல்லை நின்றுகொண்டு சொல்ல வரவில்லை. அந்த நடைபாதையிலேயே அவளுக்கு முன்னால் குந்தியிருந்தேன். "என்ர பிள்ளை, மாமா செய்தது பெரிய பிழை. உனக்கு நொந்தது என்னாலதான். என்னை மன்னிச்சுக்கொள். எனக்காக நீ ஒரு நாளும் பொய் சொல்லக்கூடாது."

தள்ளுகதிரையில் ஒருவரைக் கொண்டுவந்த பெண் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"எழும்புங்கோ மாமா, ஆக்கள் பாக்கினம்" என்றாள் அபி. நான் எழும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மின்தூக்கிப் பொத்தானை அவளே அமத்தினாள். உள்ளே ஏறிய பிறகு கேட்டாள்.

"மாமா, மச்சாளுக்கும் இருக்கோ?"

"தெரியாது பிள்ளை."

"ஏன் தெரியாது? நீங்கள் பாக்கேல்லையோ?"

நான் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் என் சொந்தப் பிள்ளையின் கண்ணை ஒரு வைத்தியருக்கும் காட்டவில்லை. காட்டினால் தெரிந்துவிடும் என்று காட்டவில்லை. மின்தூக்கி நான்கு தட்டு இறங்கியது.

பின்னேரம் சரசு வேலையால் வந்தாள். வெங்காயம் வெட்ட உட்கார்ந்தவளிடம் குசினி வாசலில் நின்று சொன்னேன். முதலில் அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்ப நீங்கள் கொழும்புக்குக் கடைச் சாமான் வாங்கப் போனதெண்டுதானே அப்பா சொன்னவர். எனக்கு ஒரு நீலப் பாவாடைத்துணியும் கொண்டுவந்து தந்தனீங்கள்."

"ஓம்."

"அந்த ஊசி உங்களுக்கும் போட்டவையோ?"

"போட்டவை."

கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். அபியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பை நான்தான் நிறுத்தினேன். நேசன் வந்து விசயம் அறிந்தபிறகு என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. ஏசவும் இல்லை. எனக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டைவிட ஏச்சு இலேசாக இருந்திருக்கும்.

மனோகரிக்குப் போன் எடுத்தேன். அவர் ஒன்றும் குறுக்கே சொல்லாமல் கேட்டார்.

"அண்ணை, கண் எனக்குப் பெரிசில்லை. நான் நாள் முழுக்க வருத்தக்காரரோட நிக்கிறவள். ஆனால் அண்டைக்கு அந்தப் பிள்ளையின்ர முழங்காலை மடக்கிப் பிடிச்சது நான். நீங்கள் வெளியில கதவடியில இருந்தனீங்கள். நான் சுதனோட கதைக்கோணும். யோசிக்கோணும்."

"யோசியுங்கோ தங்கச்சி" என்றேன்.

நாள் வைக்கிற பேச்சு அதோடு நின்றது. மறுநாள் காலை, இவர்கள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு, தமிழ்க்கடையில் ஒரு போன் அட்டை வாங்கிவந்து ஊருக்கு எடுத்தேன். வாசுகிதான் எடுத்தாள். திராமனில் என்ன சொன்னார்கள் என்று கேட்கப்போகிறாள் என்பது அவள் மூச்சு வாங்கிய விதத்திலேயே தெரிந்தது.

"பிள்ளை, கலியாணக் கதையைப் பிறகு கதைப்பம். நீ நாளைக்கு அம்மாவோட கண் டாக்டரிட்டப் போகவேணும்."

"ஏன் அப்பா? எனக்குக் கண்ணில ஒண்டுமில்லையே."

கொழும்பிலிருந்து தொடங்கினேன். அப்பா ஊருக்குச் சொன்ன பொய், நான் சொன்ன பொய், அபியின் முதுகு, அவள் எனக்காகச் சொன்னது. வாசுகி இடையில் ஒருதரம் "அபிக்கு இப்ப எப்பிடி?" என்று மட்டும் கேட்டாள். மனோகரி சொன்னதைச் சொல்லத் தொடங்கும்போது அட்டையிலிருந்த காசு முடிந்து சத்தம் அறுந்துவிட்டது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இன்னொரு அட்டை வாங்கக் கீழே இறங்கினேன்.